ஓர் ஊர் எதில் பிழைக்கிறது? பவானியை வைத்து ஒரு விளக்கம்

பவானியில் ஒரு டீக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? டீ குடிப்பவரிடமிருந்து. அவர் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருப்பவர் என்றால், அவருக்கு? முடி வெட்டிக்கொள்ள வருபவரிடமிருந்து. அந்த ஆள் மளிகைக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர் என்றால்? இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஊருக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருப்போம். ஆனால் அந்த மளிகைக் கடையில் இருக்கும் பருப்பும் சோப்பும் வெளியூர்ச் சரக்கு. டீத்தூள் மலையிலிருந்து இறங்குகிறது. அதற்கெல்லாம் உரிய காசு தினமும் ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. போகிற அளவுக்கு எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் கொஞ்ச நாளில் டீ குடிக்க ஆளிருக்காது.

பொருளாதாரத்தில் ஒரு சிறு நகரத்தைப் புரிந்துகொள்ள இதுதான் முதல் படி. ஊருக்குள் நடக்கும் வேலைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெளியாட்களிடமிருந்து காசைக் கொண்டுவருகிற வேலைகள் ஒரு வகை. அப்படி வந்த காசை உள்ளூரிலேயே கை மாற்றிவிடுகிற வேலைகள் இன்னொரு வகை. முதல் வகையை அடிப்படைத் தொழில் என்பார்கள். நாம் இங்கே வெளிக்காசு என்று சொல்லிக்கொள்ளலாம். டீக்கடை, சலூன், மளிகை எல்லாம் இரண்டாம் வகை. அவை முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. வெளிக்காசு குறைந்தால் முதலில் அடிவாங்குவது அவைதான் என்று அர்த்தம்.

இதை விளக்க எத்தனையோ ஊர்களை எடுக்கலாம். நான் பவானியை எடுப்பதற்குக் காரணம், அங்கே இரண்டு ஆறு இருக்கிறது. நீலகிரிப் பக்கம் தொடங்கி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வரும் பவானி ஆறு, சுமார் 217 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் காவிரியில் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்தில் சங்கமேஸ்வரர் கோயில். ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி தூரம். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 40,000-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஆறு உள்ள ஊர், நிச்சயம் விவசாயத்தில்தான் செழித்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

தண்ணீர் எங்கே போகிறது பாருங்கள். பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் காலிங்கராயன் அணைக்கட்டு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற தலைவர் கட்டியது. அங்கே பிரியும் வாய்க்கால் ஈரோட்டை ஒட்டிக்கொண்டு, கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போகிறது. நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும், அதனால் கோணவாய்க்கால் என்று பேர். அதன் பாசனத்தில் நெல், மஞ்சள், கரும்பு, வாழை. எழுநூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்றும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அணை பவானியில், விளைச்சல் கீழே. அந்த மஞ்சள் விற்றுப் பணமாவது ஈரோட்டுச் சந்தையில்.

ஆற்றில் மேலே போனாலும் அதே கதைதான். சத்தியமங்கலத்துக்கு மேற்கே பவானிசாகர் அணை, 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடிந்தது. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. பேர் பவானியின் பேர்தான், ஆனால் பவானி நகரத்துக்கு நேரடியாகக் கிடைப்பது கொஞ்சம். காவிரிப் பக்கம் ஊராட்சிக்கோட்டையில் ஒரு கதவணை, அதில் மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரம் கம்பியில் ஏறிப் போய்விடுகிறது. அதே ஊராட்சிக்கோட்டையிலிருந்து ஈரோடு மாநகராட்சிக்குக் குடிதண்ணீர் குழாயில் போகிறது. ஆற்றின் செல்வம் முக்கால்வாசி ஊரைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் ஆறு இந்த ஊருக்கு என்னதான் கொடுத்தது? ஆட்கள் வந்து நிற்பதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. நான் சொல்ல வருவது இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு பவானியின் வரலாற்றைப் பார்த்தால், வெளிக்காசு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்திருப்பது தெரியும்.

முதல் வாசல் கோயில். இது மிகப் பழையது. சம்பந்தர் தேவாரத்தில் பாடிய திருநணா இந்த ஊர்தான். கொங்கு நாட்டின் ஏழு பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. பவானியும் காவிரியும் கண்ணுக்குத் தெரிகின்றன, அமுத நதி என்று மூன்றாவதாக ஒன்று பூமிக்கு அடியில் வந்து கலக்கிறது என்பது நம்பிக்கை. அதனால்தான் முக்கூடல், தென்னகத்துத் திரிவேணி என்றெல்லாம் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது கூடுதுறை, அவ்வளவுதான். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் கூட்டம் தாங்காது. ஆடிப் பெருக்கு அன்று புதுமணத் தம்பதிகள், முளைப்பாரி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. மற்ற நாட்களில் அஸ்தி கரைக்கவும், திதி கொடுக்கவும், பரிகாரம் செய்யவும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஒரு குடும்பத்தின் காசைப் பின்தொடர்ந்து பார்ப்போம். சேலத்திலிருந்து காரில் ஐந்து பேர் திதி கொடுக்க வருகிறார்கள், மொத்தம் 2,000 ரூபாய் செலவு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 700 ரூபாய். அது பங்கில் சில்லறை கமிஷனை விட்டுவிட்டு எண்ணெய் கம்பெனிக்குப் போய்விடும், சேலத்தில் போட்டார்களானால் பவானிக்கு அதுவும் இல்லை. மீதி 1,300. இதில் திதி செய்து வைப்பவருக்கு 500 என்றால், அது ஏறக்குறைய முழுசாக உள்ளூர் வருமானம். எள், தர்ப்பை, தேங்காய், பழம், பூ, வாழையிலை என்று 300. பூவும் இலையும் சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடமிருந்து வந்தவை, எள்ளும் கற்பூரமும் மண்டியிலிருந்து வந்தவை. அப்புறம் ஹோட்டலில் இட்லி, பொங்கல், காபி 500. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் சிலிண்டர், காபித்தூள் இவற்றின் விலை வெளியே போய்விட, சமையல்காரர் கூலி, பரிமாறுபவர் கூலி, கடை வாடகை, முதலாளியின் லாபம் ஊரில் தங்கும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 2,000-த்தில் ஒரு 900 ரூபாய் பவானியில் நிற்கலாம்.

அந்த 900 அதோடு முடிவதில்லை. பரிமாறுபவர் தன் கூலியில் சாயங்காலம் மளிகை வாங்குகிறார், பிள்ளைக்கு டியூஷன் பீஸ் கட்டுகிறார். டியூஷன் எடுப்பவர் அதில் துணி தைக்கக் கொடுக்கிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பகுதி வெளியே ஒழுகி, மீதி உள்ளே சுற்றும். ஒழுக்கு குறைவாக இருக்கிற ஊரில் ஒரே வெளிக்காசு பல பேருக்குச் சோறு போடும். பாடப்புத்தகங்களில் பெருக்கி என்று எழுதியிருப்பது இதைத்தான். இட்லிக் கடைக்குப் பதில் ஏதோ பெரிய கம்பெனியின் கிளை ஹோட்டல் வந்தால், லாபம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், கூலி மட்டும் ஊரில் நிற்கும். கூட்டம் அதே கூட்டம், ஊருக்கு நிற்பது குறைவு.

இரண்டாவது வாசல் அரசாங்கம். இதை யாரும் வருமானமாக நினைப்பதில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் சம்பளம் வெளியூரிலிருந்து வந்து உள்ளூரில் செலவாகிற காசு, அதற்குமேல் அவரைப் பார்க்க வருகிறவர்களின் செலவு வேறு. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்து கொங்குநாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, இந்தப் பகுதியை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். வடக்குப் பிரிவுக்குப் பவானி தலைமையிடம், தெற்குக்குத் தாராபுரம். அந்தக் காலத்தில் இங்கே இருந்த வில்லியம் காரோ என்ற ஆங்கிலேய அதிகாரியைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மழைக்கால இரவில் ஒரு சிறுமி வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போனாளாம், அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம். வந்தது வேதநாயகி அம்மன்தான் என்று நம்பி, தந்தத்தில் ஒரு கட்டில் செய்து கோயிலுக்குக் கொடுத்தார். கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது, அதில் 1804 என்று பொறித்திருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அதே 1804-ல் இன்னொன்றும் நடந்தது. இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கிக் கோயம்புத்தூரைத் தலைமையிடம் ஆக்கினார்கள். ஒரு கலெக்டர் அலுவலகம் இருக்கிற ஊருக்கும் தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை, இன்று கோவையையும் பவானியையும் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம். கோவை வளர்ந்ததற்கு வேறு நூறு காரணங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை.

பவானியைத் தள்ளிவைத்துப் போன இன்னொன்று ரயில். 1860-களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை காவிரியை ஈரோட்டில் கடந்தது. ஆற்றைக் கடக்கிற இடம் எதுவோ அங்கேதான் சரக்கு நிற்கும், வண்டி நிற்கும், வியாபாரி தங்குவார். அதுவரை பரிசலில் கடந்த ஆற்றுக்கு ஓரிடத்தில் இரும்புப் பாலம் வந்துவிட்டால் மற்ற துறைகள் மங்கிவிடும். ஈரோடு சந்திப்பு ஆனது, பவானி கூடுதுறையாகவே இருந்தது. பிற்காலத்தில் சேலம்–கோவை நெடுஞ்சாலை இந்த வழியாக ஓடியதால் கொஞ்சம் ஈடு கிடைத்தது, பிறகு அந்தச் சாலையும் லட்சுமி நகர் பைபாஸ் வழியாக ஊரை விட்டு விலகிக்கொண்டது. கோவை பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பவானி என்றால் இப்போது லட்சுமி நகரில் நிற்கும் இரண்டு நிமிஷம்.

இனி மூன்றாவது வாசல், ஜமக்காளம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரனை வரவைக்காமலே அவன் காசை வரவைத்த தொழில் இதுதான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் மில் துணி சந்தையை நிரப்பியபோது, மெல்லிய துணி நெய்தவர்களால் விலையில் போட்டி போட முடியவில்லை. பவானியில் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். தடித்த பருத்தி நூலைச் சாயமேற்றி, கனமான விரிப்பாக நெய்தார்கள். மில் துணி போட்டி போடாத இடத்தைப் பிடித்தது புத்திசாலித்தனம்.

தறியைப் பார்த்தால் விஷயம் புரியும். அகலமான விரிப்பு என்பதால் ஒரு ஆள் கை எட்டாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் இந்தப் பக்கமிருந்து நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்த ஓடத்தை, தள்ள, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பித் தள்ளுவார். ஒருவர் வரவில்லை என்றால் தறி நிற்கும். நீளவாக்கில் இருக்கும் பாவு நூலை, குறுக்கே போகும் ஊடை நூல் அடித்து நெருக்கும்போது முழுக்க மூடிவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரிவது ஊடையின் நிறம் மட்டுமே. சிவப்பு நூல் உள்ள நாடாவை எடுத்து வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தால் அங்கிருந்து பச்சைப் பட்டை. நாம் கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பட்டை பட்டையான விரிப்பின் ரகசியம் இவ்வளவுதான். தடித்த நூலில் பூ, மயில் எல்லாம் எடுபடாது. பின்னால் செயற்கைப் பட்டு நூல் சேர்த்து, கரையில் டிசைன் போட்ட மெல்லிய ரகமும் வந்தது.

ஆறு இங்கேயும் உள்ளே வருகிறது, பாசனமாக இல்லை. நூலுக்குச் சாயம் போடவும் அலசவும் ஏராளமான தண்ணீர் வேண்டும். ஆற்றங்கரையில் சாயப்பட்டறைகள் வளர்ந்ததற்கு அது காரணம், அந்தச் சாயக்கழிவு ஆற்றிலேயே போய்ச் சேர்ந்ததற்கும் அதுவே காரணம். பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு வரை காவிரியில் சாயக்கழிவு என்பது பல பத்தாண்டுகளாக ஓயாத பிரச்சினை. செலவில்லாமல் ஆற்றில் விட்டபோது அது மலிவான உற்பத்தி போலத் தெரிந்தது. அந்தச் செலவைக் கீழே இருந்த விவசாயியும் குடிதண்ணீர் எடுத்த ஊர்களும் கட்டின.

ஜமக்காளம் விற்ற காசு எப்படிப் பிரிகிறது? திதியின் 2,000 ரூபாயைப் பார்த்ததுபோல இதையும் பார்க்கலாம். நூல் வேறு ஊர் ஸ்பின்னிங் மில்லிலிருந்து வருகிறது, சாயப்பொடி கம்பெனியிலிருந்து. இவை இரண்டும் ஒழுக்கு. விற்கும் கடை சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் அதன் லாபமும் பவானிக்கு வராது. நிற்பது சாயம் போட்ட கூலி, நூலைத் தார்க்குச்சியில் சுற்றிய கூலி, நெசவுக் கூலி, மாஸ்டர் வீவர் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு. மாஸ்டர் வீவர் நூலைக் கொடுப்பார், நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். விரிப்பின் விலை நெசவாளர் கையில் இல்லை. நூல் விலை ஏறினால் விற்பவர் முதலில் பிடித்துப் பார்ப்பது கூலியை. வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரர் பாய்ச்சி முடித்த பிறகு மிஞ்சியதுதான் கடைமடைக்கு என்பது விவசாயிக்குத் தெரியும். ஜமக்காளத்தில் நெசவாளர் கடைமடை. எத்தனை ஜமக்காளம் விற்றது என்று மட்டும் கேட்டால் இது தெரியாது, விற்ற காசில் எவ்வளவு யார் கையில் நின்றது என்றும் கேட்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம், ஜமக்காளம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் நெய்ததைப் பவானி ஜமக்காளம் என்று விற்கக் கூடாது. ஆனாலும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலையில் வந்து சந்தையில் கலந்தன. கடையில் வாங்குபவர் பின்பக்கம் திருப்பி நூலைப் பார்த்தா வாங்குகிறார்? குறியீடு பேரைக் காப்பாற்றும். தேவையை உண்டாக்கித் தராது. தேவை வேறு காரணத்தால் குறைந்தது. முன்பு கல்யாணம், பஞ்சாயத்து, கட்சிக் கூட்டம், பஜனை எதுவானாலும் தரையில் ஜமக்காளம் விரிப்பார்கள். இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள். மண்டபத்தில் மேஜை போட்டுச் சாப்பாடு. வீட்டில் உட்காரப் பிளாஸ்டிக் பாய். ஜமக்காளத்தைத் தோற்கடித்தது இன்னொரு ஜமக்காளத்தைவிட நாற்காலிதான் என்பது என் எண்ணம்.

கோயில், ஜமக்காளம் என்ற இரண்டு வாசலும் இப்படி இருக்க, ஆறு நேரடியாகச் செலவு வைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேட்டூர் அணை நிரம்பினால் வருகிற உபரி நீர் ஏறக்குறைய முழுக்க இந்த வழியாகத்தான் போக வேண்டும். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி திறந்துவிட்டபோது பவானியின் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. கூடுதுறையில் குளிக்கத் தடை போட்டார்கள். அது ஆடியை ஒட்டிய நாட்கள், வருஷத்திலேயே அதிகக் கூட்டம் வருகிற காலம். ஊரை வாழவைக்கிற நாட்களும் வெள்ளம் வருகிற நாட்களும் ஒரே மாதத்தில் விழுவது இந்த ஊரின் ஒரு சங்கடம்.

இன்னொன்று, திதி கொடுக்க வருகிறவர் காலையில் வந்து மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுவார். அந்தக் காரியம் அப்படிப்பட்டது. ஓர் இரவு தங்கினால்தான் அறை வாடகை, இரவுச் சாப்பாடு, கடைத்தெரு என்று செலவு கூடும். வருகிறவர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதைவிட வந்தவரை இன்னும் ஆறு மணி நேரம் நிற்கவைப்பது ஊருக்கு லாபம். தறியை நேரில் பார்க்கவும், நெய்தவரிடமே ஒரு விரிப்பையோ பையையோ வாங்கவும் வழி செய்தால், சென்னைக் கடைக்குப் போகிற லாபத்தில் ஒரு பங்கு ஊரிலேயே நிற்கும். கோயில் வாசலும் ஜமக்காள வாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றுக்கொன்று பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக எதிர்க்கரை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குமாரபாளையம். 2011-ல் அங்கே மக்கள்தொகை 70,000-த்தைத் தாண்டிவிட்டது, பவானியைவிட நிறைய. அங்கே விசைத்தறி, லுங்கி, துண்டு, சாயப்பட்டறை. பழைய நாளில் காவிரிதான் கோவை மாவட்டத்துக்கும் சேலம் மாவட்டத்துக்கும் எல்லை, இப்போது ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் எல்லை. அதனால் அரசாங்கக் கணக்கில் இவை வேறு வேறு மாவட்டத்து ஊர்கள். ஆனால் பவானியில் குடியிருந்து குமாரபாளையத்தில் தறி ஓட்டப் போகிறவரும் உண்டு, அங்கிருந்து இங்கே சாமான் வாங்க வருகிறவரும் உண்டு. அந்தக் கரையில் வாங்கிய கூலி இந்தக் கரை டீக்கடையில் செலவானால், பவானிக்கு அது வெளிக்காசுதான். பவானியை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் ஏதோ துண்டு விழுவது போலத் தெரியும். இரண்டு கரையையும் சேர்த்துப் போட்டால்தான் கணக்கு நேராகும்.